சக்கரம் போகும் பாதை

டிசம்பர் விடுமுறை வந்தால் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வான் வானாக மக்கள் எங்கள் ஊவாவைத் தேடி வருகிறார்கள். துன்ஹிந்தையின் சாரல், எல்லவின் ஒன்பது வளைவுப் பாலம், ஹப்புத்தளையின் மூடுபனி எல்லாம் பதுளையில் பிறந்த எமக்கு வீட்டு முற்றம் மாதிரி. ஆறாம் தரத்திலிருந்து "நான் சென்ற சுற்றுலா" என்ற தலைப்பில் எத்தனை கட்டுரைகள் எழுதியிருப்போம்! அவற்றில் அருவியின் உயரம் வரும், பாலத்தின் வயது வரும், வழியில் வாங்கிச் சாப்பிட்ட அவித்த சோளமும் வரும். அந்த இடத்துக்கு வீட்டில் யாரால் வர முடிந்தது, யாரால் முடியவில்லை என்பது மட்டும் வராது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

துன்ஹிந்தையையே எடுத்துக்கொள்வோம். பதுளை நகரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீற்றர் தூரம். வாகனத்தை விட்டு இறங்கிய பிறகு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்க வேண்டும். பாதை ஏறும், இறங்கும், படிகளாக மாறும், ஈரத்தில் வழுக்கும். 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீரைப் பார்த்ததும் களைப்பு மறந்துவிடும் என்பார்கள். நல்ல கால்கள் இருப்பவர்களுக்கு அது உண்மைதான். ஹாலிஎலைப் பக்கத்திலுள்ள போகொடை மரப்பாலத்துக்கும் படிகளில் இறங்கித்தான் போக வேண்டும். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு எல்லவிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையும் செங்குத்தானது. ஆக, எங்கள் மாவட்டத்தின் பெயர் பெற்ற இடங்களில் பல, முழங்காலில் வலி இல்லாதவர்களுக்கே திறந்திருக்கின்றன.

எங்கள் வீட்டில் இரண்டு விதமான சக்கரங்கள் இருக்கின்றன. ஒன்று, உம்மும்மாவின் சக்கர நாற்காலி. சீனி வருத்தத்தால் மூன்று வருடங்களுக்கு முன் அவரது வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மற்றது, ராத்தாவின் ஒன்றரை வயது மகனை உட்காரவைத்துத் தள்ளும் தள்ளுவண்டி. பயணப் பேச்சு எடுத்தாலே உம்மும்மா முந்திக்கொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க மகள், நான் ஊட்டப் பாத்துக்கொள்றேன்" என்பார். அவரைத் தனியே விட முடியாது என்று உம்மாவும் நின்றுவிடுவார். "புள்ளயத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்க ஏலாது" என்று ராத்தாவும் நின்றுவிடுவார். கடைசியில் வாப்பா, நானா, மச்சான், நான் என்று நான்கு பேர் வானில் ஏறுவோம்.

இதை ஒருமுறை கணக்குப் பார்த்தேன். வீட்டில் நிற்கிற மூன்று பெரியவர்களும் பெண்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் நோயாளியைப் பார்ப்பவர், ஒருவர் கைப்பிள்ளைக்காரி. எங்கள் வீட்டில் மட்டும்தானா இப்படி என்று வகுப்புத் தோழிகளிடம் கேட்டபோது, பெயர்கள்தான் மாறின. ஒரு பாதையில் படி இருந்தால், அந்தப் படி காலில்லாத ஒருவரை மட்டும் நிறுத்துவதில்லை. அவரைச் சுற்றியிருக்கும் பெண்களையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது.

கடந்த ஏப்ரல் விடுமுறையில் உம்மும்மா முதன்முறையாகத் தானே ஓர் ஆசையைச் சொன்னார். தம்பேதன்னத் தோட்டத்துப் பாதையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். அவரது வாப்பா ஹப்புத்தளைப் பக்கத்தில் புடவை வியாபாரம் செய்தவர். சம்பள நாளில் சீத்தைத் துணியும் சாரமும் ஏற்றிய மாட்டுவண்டிலில் தோட்டம் தோட்டமாகப் போவாராம். எட்டு வயதுப் பிள்ளையாக உம்மும்மாவும் துணிப் பொதியின் மேல் உட்கார்ந்து போயிருக்கிறார்.

"மலையில வீல்செயார எப்பிடி உம்மா தள்ளுறது?" என்று உம்மா பயந்தார்.

உம்மும்மா சிரித்தார். "கொழுந்தெடுக்கிற பொண்டுகள் குறுக்கால ஏறுவாங்க. வாப்பாட வண்டில் சுத்தித்தான் போகும். குறுக்குல போனாத்தானே கஷ்டம்? நாங்க வண்டில் போன வழியில போவம்."

அந்தப் பதிலை நான் பல நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். மலைநாட்டில் இரண்டு வகைப் பாதைகள் இருக்கின்றன. ஒன்று குறுக்கு. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும் நேராக ஏறி இறங்கும் படிகள் அவை. மனிதக் கால்களுக்காக வெட்டியவை. மற்றது வண்டிப் பாதை. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிய வண்டிகளும் பின்னர் லொறிகளும் போவதற்காக மலையின் இடுப்பைச் சுற்றி மெதுவாக ஏறும்படி வெட்டியது. மாடு மூச்சு வாங்கி நின்றுவிடக் கூடாது, தேயிலை சரிந்துவிடக் கூடாது என்பதற்காக அதன் ஏற்றத்தை மிதமாக வைத்தார்கள். தொழிலாளியின் முழங்காலைப் பற்றி அப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. தேயிலைக்குக் கிடைத்த அந்தச் சலுகை, இன்றைக்கு ஒரு சக்கர நாற்காலிக்கும் ஒரு தள்ளுவண்டிக்கும் உதவுகிறது.

எங்கள் புகையிரதப் பாதையும் இதே கதைதான். 1924இல் பதுளையை வந்தடைந்த இந்தப் பாதை, மலைப்பகுதியில் மிகக் கூடிய ஏற்றமாக 44 அடிக்கு 1 அடி என்ற கணக்கை வைத்திருக்கிறது. அதாவது 44 அடி முன்னே போனால்தான் 1 அடி மேலே ஏறும். அதைவிடச் செங்குத்தானால் எஞ்சினால் இழுக்க முடியாது. தெமோதரையில் பாதை ஒரு வட்டம் சுற்றி, தெமோதரை நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் தானே நுழைவது இதற்காகத்தான். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பாடம் ஒன்றுதான். சக்கரம் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், மலையிலும் வழி பிறக்கும்.

சக்கர நாற்காலிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. சாய்தளம் அமைக்கும்போது 1 அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது உலகெங்கும் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. அதைவிடச் செங்குத்தானால் தள்ளுகிறவருக்குக் கை வலிக்கும்; இறங்கும்போது நாற்காலி இழுத்துக்கொண்டு ஓடும். புகையிரதப் பாதையின் ஏற்றம் இதைவிட மிகவும் மென்மையானது. அதற்காகத் தண்டவாளத்தில் நடக்கச் சொல்லவில்லை. அது ஆபத்தானது, தடைசெய்யப்பட்டதும்கூட. மலையில் மென்மையான பாதைகள் உண்டு, அவற்றைத் தேட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் ஏழு பேரும் ஒரு கைப்பிள்ளையும் புறப்பட்டோம். ஹப்புத்தளை நகரிலிருந்து தம்பேதன்னத் தேயிலைத் தொழிற்சாலை வரை சுமார் பத்துக் கிலோமீற்றர் தூரத்துக்குப் பாதை மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. அந்தத் தொழிற்சாலையை 1890இல் கட்டியவர் தோமஸ் லிப்டன். அதற்கு அப்பால்தான் லிப்டன் ஆசனம் என்ற உச்சிக்கு உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. எங்களுக்கு உச்சி வேண்டியிருக்கவில்லை. இடையில், பாதை சமமாக இருந்த ஓரிடத்தில் வானை நிறுத்தி, இரண்டு சக்கர வண்டிகளையும் இறக்கினோம்.

முதல் ஐம்பது அடியிலேயே ஒன்றைக் கற்றுக்கொண்டோம். சக்கர நாற்காலிக்கு எதிரி ஏற்றத்தைவிடக் குழிதான். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் சிறு கல்லில் மாட்டினாலும் நாற்காலி சட்டென்று நின்று, உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். நாற்காலியைப் பின்பக்கம் சற்றுச் சாய்த்து, பெரிய சக்கரங்களில் மட்டும் உருட்டினால் குழியைத் தாண்டிவிடலாம். இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இறக்க வேண்டும். நானா இதை உம்மும்மாவிடமிருந்தே கேட்டுக் கேட்டுச் செய்தார். தள்ளுவண்டிக்கும் இதே பிரச்சினைதான், இதே தீர்வுதான். ராத்தாவும் உம்மும்மாவும் வழிநெடுக "அங்க பள்ளம் இரிக்கி", "இங்க தண்ணி நிக்கிது" என்று ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டே வந்தார்கள். எழுபத்தாறு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் பாதை ஒன்றாகவே இருந்தது.

ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் தெற்கே கீழே இறங்கி இறங்கிப் போகும் சமவெளி. மதகுக் கட்டில் உட்கார்ந்து பிளாஸ்கில் கொண்டுபோன இஞ்சிப் பிளேன்டீயைக் குடித்தோம். எங்கே வண்டில் நிற்கும், எந்த வளைவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள், கடன் கொப்பியைத் தன் வாப்பா எங்கே செருகி வைப்பார் என்று உம்மும்மா கதை சொன்னார். அந்தக் கதைகளை நாங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுச் சுவருக்குள் அவை அவருக்கு நினைவு வந்திருக்கவும் மாட்டா. பாதையைப் பார்த்ததும் வந்தன. இரண்டு கிலோமீற்றர் போக எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

திரும்பும்போது, பாதைக்கு மேலேயுள்ள லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா எங்களைக் கூப்பிட்டார். உம்மும்மாவின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கம்மா வாங்குனீங்க? எவ்வளவு?" என்று கேட்டார். உம்மா சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வாங்கி என்னத்த செய்ய? இந்தப் படியில எறங்குனாத்தானே உருட்ட? ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா என்னைய மகன் கதிரையோட தூக்கிட்டுத்தான் எறங்குவான்."

லயத்திலிருந்து பாதைக்கு இறங்கும் படிகளை நான் எண்ணினேன். இருபத்தெட்டு. கைப்பிடி இல்லை. நாங்கள் ஒரு விடுமுறை நாளில் தேடிக் கண்டுபிடித்த பிரச்சினையை அவர் ஒவ்வொரு நாளும் வாசலில் வைத்துக்கொண்டிருக்கிறார். நாற்பது வருடம் குறுக்கில் ஏறி இறங்கிக் கொழுந்து சுமந்த முழங்கால்கள் அவருடையவை. வண்டிப் பாதையை லயத்துப் படிவரை கொண்டுவந்தவர்கள், கடைசி இருபத்தெட்டுப் படிகளுக்குச் சாய்தளம் வேண்டும் என்று எண்ணவில்லை. சுற்றுலாப் பாதையைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்தப் படிகளையும் சேர்த்தே பேச வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பயணம் போகும் முறையே மாறியது. வரைபடத்தை விரித்துவைத்து, சக்கரத்தால் எங்கே போகலாம் என்று தேடத் தொடங்கினோம். தேடத் தேட வந்தது. கொஸ்லந்தையைத் தாண்டி வெல்லவாயப் பக்கம் போகும் பிரதான வீதியிலிருந்தே தியலும அருவி தெரிகிறது. 220 மீற்றர் உயரம். அதன் உச்சிக்கு ஏறுவதுதான் இளைஞர்களுக்குப் பிடித்தது. ஆனால் அந்த உயரம் முழுவதையும் ஒரே பார்வையில் காண வேண்டுமென்றால் கீழே வீதியில்தான் நிற்க வேண்டும். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் ராவணா அருவி வீதியோரமாகவே விழுகிறது. நாற்காலியில் இருந்தபடியே சாரல் முகத்தில் படும்.

மஹியங்கனையில் சொரபொர வாவியைப் பார்க்கப் போனபோது இன்னோர் உண்மை புரிந்தது. மலைநாட்டில் சமதரையைத் தேடுவதற்குப் பதிலாகத் தண்ணீரைத் தேடலாம். நீர் எப்போதும் மட்டமாகவே நிற்கும். ஆகவே அதைத் தாங்கும் குளக்கட்டின் மேற்பரப்பும் பெரும்பாலும் மட்டமாகவே போகும். நம் முன்னோர் கட்டிய பழைய குளங்கள் பலவற்றின் கட்டுகளில் சக்கரம் ஏறவேண்டிய ஏற்றமே இராது. கட்டின்மேல் ஏறும் இடத்தைக் கண்டுபிடித்தால் போதும். மாலை அஸருக்குப் பின் வெயில் தணிந்த நேரத்தில் நீரோரக் காற்றில் போவது ராத்தாவின் மகனுக்கு மிகவும் பிடித்திருந்தது. கொக்குகளைப் பார்த்துக் கைதட்டியே களைத்துத் தூங்கிப்போனான்.

ஊவா மாகாணத்துக்குக் கடல் கிடையாது. கடல் பார்க்க நாம் கிழக்கே இறங்க வேண்டும். என் சாச்சி காத்தான்குடியில் வாழ்க்கைப்பட்டிருப்பதால் எங்களுக்கு மட்டக்களப்புத்தான் கடல். அங்கே கல்லடிப் பழைய பாலம் இருக்கிறது. எங்கள் பதுளைக்குப் புகையிரதம் வந்த அதே 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் அது. 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்த பிறகு கனரக வாகனங்கள் அதன் வழியே போயின. பழைய பாலம் நடப்பவர்களுக்கானது ஆயிற்று. வாவியின் மேலே, மட்டமான தளத்தில், காற்று வாங்கியபடி உம்மும்மாவைத் தள்ளிக்கொண்டு போனோம். மீன் பாடும் இடம் இதுதான் என்றார் சாச்சா. உம்மும்மா காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டு, "எனக்கு மோட்டர் சைக்கிள்தான் பாடுது" என்றார்.

கடற்கரை அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. மணலில் சக்கரம் பதிந்துவிடும். எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் இன்னும் ஆழமாகப் போகும். சாச்சா வீட்டிலிருந்து நான்கு பலகைகளைக் கொண்டுவந்தார். இரண்டை விரித்து அதன்மேல் நாற்காலியை உருட்டுவோம். பின்னால் கடந்த பலகைகளை எடுத்து முன்னால் போடுவோம். இப்படியே ஈரமணல் வரை போனோம். அலை நனைத்த மணல் இறுக்கமாக இருப்பதால் அங்கே பலகை இல்லாமலே சக்கரம் ஓடும். உம்மும்மா தன் ஒரு பாதத்தை அலையில் வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நாங்கள் நான்கு பலகையால் செய்ததைச் சென்னை மெரினாவில் நிரந்தரமாகவே செய்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் பல வருடங்கள் கேட்டுப் போராடிய பின், 2022 நவம்பரில் 263 மீற்றர் நீளத்துக்கு மணலின் மேல் மரப்பாதை போட்டுத் திறந்தார்கள். இரண்டு வாரங்கள் முடிவதற்குள் மாண்டஸ் புயலின் அலைகள் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தின. அதைத் திருத்தி மீண்டும் பாவனைக்கு விட்டார்கள். புயல் உடைத்ததும் கைவிட்டுவிடாமல் திருத்தினார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நம் நாட்டில் கொழும்புக் காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையும் மட்டமானதே. 1859இல் அதைக் கட்டி முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பு நகரின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின்வருவோரைக் கேட்டு அங்கே கல்வெட்டு வைத்திருக்கிறார். பெண்களையும் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துப் போட்ட பாதை இன்று எல்லோருக்கும் உதவுகிறது.

பயணத்தில் பாதையைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அது மலசலகூடம். உம்மும்மா பயணத்தன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். ஏன் என்று கேட்டால் தாகமில்லை என்பார். எங்கே போனாலும் மலசலகூடத்துக்கு மூன்று படி ஏற வேண்டும், கதவு சக்கர நாற்காலி நுழையாத அளவு ஒடுங்கியிருக்கும் என்பதே உண்மையான காரணம். சீனி வருத்தக்காரர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை. தொழுகையும் அப்படித்தான். பயண வழியில் பல பள்ளிவாசல்களில் பெண்களுக்கான இடம் மேல்மாடியில் இருக்கிறது. அங்கெல்லாம் உம்மும்மா வானுக்குள்ளேயே இருந்து தொழுதுகொள்வார்.

ஆனால் எம் மார்க்கம் இதில் எமக்கு அழகான முன்மாதிரியைத் தந்திருக்கிறது. உம்மு ஸலமா (ரழி) அவர்கள் தமக்குச் சுகமில்லை என்று முறையிட்டபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் ஏறியபடியே தவாஃப் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். வீட்டில் இருந்துவிடுங்கள் என்று கூறவில்லை. இன்றும் உம்றாவுக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் சக்கர நாற்காலிகளுக்கென்றே நடுவில் தனிப்பாதை இருக்கிறது. அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் கைப்பிள்ளைக்காக ஓடிய அந்த இடத்தில், இன்று நடக்க இயலாதவர்களும் அதே ஸஃயைச் செய்கிறார்கள். அங்கே சாத்தியமானது இங்கே ஒரு பள்ளிவாசல் முற்றத்தில் சாத்தியமாகாதா?

நம் நாட்டுச் சட்டமும் இதைப் பேசுகிறது. வலதுகுறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் நுழைவதற்கான வசதிகளை வரையறுக்கும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவை ஏட்டில் மட்டும் இருந்துவிடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் வரை போனவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளரும் கிரிக்கெட் நடுவருமான அவர், 1992இல் அவர் பயணித்த காரின் மீது வீதியோர மரமொன்று விழுந்ததால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளின்படியே அமைய வேண்டும் என்று 2011இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தையும் 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. அதன் 30ஆவது உறுப்புரை ஓய்வையும் பொழுதுபோக்கையும் சுற்றுலாவையும் உரிமை என்றே சொல்கிறது. ஆகவே உம்மும்மா அருவி பார்க்க ஆசைப்படுவது ஆடம்பரமல்ல.

சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். நாங்கள் மாணவிகள் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. பயணம் போகுமுன் அந்த இடத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, "வீல்செயார் வருமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வரும்" என்றுதான் சொல்வார்கள். எத்தனை படி, கதவு எத்தனை அங்குலம், மலசலகூடம் எந்தத் தளத்தில், வாகனம் எவ்வளவு தூரம் வரை போகும் என்று கேளுங்கள். இரண்டரை அடிக்குக் குறைந்த கதவாக இருந்தால் யோசியுங்கள். ஆறு அடி நீளமான ஒரு தடித்த பலகையை வாகனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு அங்குலப் படி ஒன்றை அது சாய்தளமாக்கிவிடும். நாற்காலியில் இருப்பவரைக் கேட்காமல் நாற்காலியில் கைவைக்காதீர்கள். அது அவருடைய கால். போக வேண்டிய இடத்தை அவரும் சேர்ந்தே தெரிவு செய்யட்டும். ஒரு மணித்தியாலப் பாதைக்கு மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். மெதுவாகப் போனால் எதையும் இழந்துவிட மாட்டோம். வேகமாகப் போகிறவர்கள் பார்க்காத தேன்சிட்டுக் கூட்டை எங்களுக்குக் காட்டித்தந்தது அந்த மெதுநடைதான்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நாம் சிறுவயதிலேயே மத்ரஸாவில் படித்திருக்கிறோம். முள்ளையும் கல்லையும்தான் அப்போது நினைத்தோம். ஒரு படியும் இடையூறுதான். உடைந்த மதகும், நடைபாதையை மறித்து நிறுத்திய மோட்டர் சைக்கிளும், ஒடுங்கிய கதவும் இடையூறுகள்தான். இந்த விடுமுறையில் ஓர் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே இறங்குங்கள். உங்கள் வீட்டு வாசற்படியிலிருந்து பிரதான வீதி வரை, பள்ளிவாசல் வரை, மருந்தகம் வரை ஒரு சக்கரம் போகுமா என்று அளந்து பாருங்கள். போகாத இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து வாப்பாவிடமும், பள்ளிவாசல் நிர்வாகத்திடமும், பிரதேச சபையிடமும் காட்டுங்கள். தோட்டத்தில் வாழும் தோழிகள் லயத்துப் படிகளையும் எண்ணுங்கள்.

வீட்டில் யாராவது "நீங்க போய்ட்டு வாங்க" என்று சொன்னால், அத்தோடு பேச்சை முடித்துவிடாமல் வேறொரு வழியைத் தேடுங்கள். ஊவாவில் குறுக்குகள் மட்டுமில்லை, சுற்றுப் பாதைகளும் நிறைய இருக்கின்றன. எல்லோரும் சேர்ந்து போகக்கூடிய வழியை அல்லாஹ் எமக்கு இலகுவாக்கித் தருவானாக.